நெல்லிக்கனியோடு நிறுத்திவிடாதீர்கள்: தருமபுரி மாவட்டத் தமிழாசிரியர்களுக்கும் பேச்சுப்போட்டி நடுவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கும், மேடைக்கு எதிரே முன்வரிசையில் மதிப்பெண் தாளோடு உட்காரும் நடுவர்களுக்கும் வணக்கம்.

தபால் துறையில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மரச்சட்டத்தில் அடுக்கடுக்காக அறைகள் இருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, அரூர், மொரப்பூர் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை. முகவரியை முழுக்கப் படிக்க மாட்டோம். கடைசி வரியைக் கண் பார்க்கும்போதே கை அறையைத் தேடிப் போய்விடும். அப்புறம் கட்டு, பை, சணல், அரக்கு. உருகிய அரக்கு விரலில் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் எழுதிய கடிதங்களை இத்தனை வருடம் கையால் தொட்டேன். ஒன்றையும் பிரித்துப் படித்ததில்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளத்தானோ என்னவோ, ஓய்வுக்குப் பிறகு நூலகத்துக்குப் போய்ப் பெரிய மனிதர்களின் கடிதங்களாகத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியர் ஒருவர், சென்ற ஆண்டு தம் பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு என்னையும் நடுவராக உட்கார வைத்தார். பள்ளியின் பெயர் வேண்டாம். தலைப்பு, நம் ஊரில் வேறு என்னவாக இருக்கும், "அதியமானும் ஔவையும்". பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். எல்லாரும் மலைப்பிளவுக்குள் ஏறினார்கள், நெல்லிக்கனியைப் பறித்தார்கள், தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தார்கள், நேரம் முடிந்ததும் மணி அடித்தது. நடுவில் இரண்டு பேர் ஆத்திசூடியையும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஆத்திசூடி பாடியவர் பல நூற்றாண்டு கழித்து வந்த வேறோர் ஔவையார் என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

கடைசிக்கு முன்னால் எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று வந்தது. நெல்லிக்கனி வரைக்கும் சரியாகப் போனது, அங்கே மனப்பாடம் அறுந்துவிட்டது. கொஞ்சநேரம் திகைத்து நின்றுவிட்டு, தன் பாஷையில் பேச ஆரம்பித்தது. "எங்கப்பா தச்சு வேலை செய்றார்ங்க. உளியும் வாய்ச்சியும் கையில இருந்தா எந்த ஊருக்குப் போனாலும் சோறு கெடைக்கும்னு சொல்வார். ஔவையாரும் அதியமான் கதவைத் தொறக்கலைன்னதும் கோவிச்சிக்கிட்டு அதையேதாங்க சொன்னாங்க." அதற்குள் மணி அடித்துவிட்டது. பிள்ளை கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டது.

எங்கள் தாளில் "தலைப்பைத் தழுவிப் பேசுதல்" என்று ஒரு கட்டம் இருந்தது. 20-க்கு நான் போட்டது 8. பக்கத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். பரிசு, கனியை ஏற்ற இறக்கத்தோடு கொடுத்த ஒரு பையனுக்குப் போனது.

வீட்டுக்கு வந்து புறநானூற்றை எடுத்துப் பார்த்தேன். 206-ஆம் பாட்டு. அந்தப் பிள்ளை சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

"வாயிலோயே! வாயிலோயே!" என்று காவல்காரனைக் கூப்பிட்டுத் தொடங்குகிறார் ஔவையார். உள்ளே இருக்கும் அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கேட்கட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம். பரிசில் தராமல் நாளைக் கடத்துகிறான். "தன்னறியலன்கொல், என்னறியலன்கொல்" என்று கேட்கிறார்: அவனுக்குத் தன்னைத் தெரியாதா, இல்லை என்னைத் தெரியாதா? அறிவும் புகழும் உடையவர்கள் செத்துப்போய் உலகம் ஒன்றும் வெறிச்சோடிப் போகவில்லை. இதோ யாழைக் காவடியில் தூக்கியாகிவிட்டது, மூட்டையைக் கட்டியாகிவிட்டது. மரம் வெட்டும் தச்சனின் கைத்திறன் உள்ள பிள்ளைகள் கோடரியோடு காட்டுக்குள் போனால் எப்படி, எங்களுக்கும் அப்படித்தான். "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே."

அந்தப் பிள்ளையின் அப்பா சொன்ன சொல்லுக்கும் இதற்கும் நடுவில் இருப்பது இரண்டாயிரம் வருடம் மட்டும். அதற்கு 8 மதிப்பெண் போட்டவன் நான் என்பதால் இந்தக் கடிதத்தை எழுதும் பொறுப்பும் எனக்கு இருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். அரசனும் அறிஞரும் கொண்ட நட்பை அரசன் என்ன கொடுத்தான் என்பதை வைத்துச் சொன்னால் அது கொடைக்கணக்கு ஆகிவிடும். அறிஞர் அவனிடம் என்ன சொல்ல முடிந்தது, சொன்ன பிறகும் உறவு நின்றதா என்று பார்த்தால்தான் அங்கே நட்பு தெரியும். இது எனக்கு உறைத்ததே நம் ஊர்க் கதையால் அல்ல. ஐரோப்பாவில் நடந்த ஒரு கடிதப் போக்குவரத்தால். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காலத்து ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் இளவரசன் பிரெடெரிக். அப்பன் முரட்டு ராணுவக்காரன். புல்லாங்குழலும் பிரெஞ்சுப் புத்தகமும் வைத்திருக்கும் மகனை அவனுக்குக் கட்டோடு பிடிக்காது. 1730-ல் மகன் நாட்டை விட்டு ஓடப் பார்த்துப் பிடிபட்டான். உடன்பட்ட நண்பன் காட்டே என்பவனின் தலையை வெட்டச் சொல்லி, அதை மகன் சிறை ஜன்னலில் நின்று பார்க்க வேண்டும் என்றும் கட்டளை போட்டான் அந்த அப்பன். அப்படி வளர்ந்தவன் 24 வயதில், 1736 ஆகஸ்ட் மாதம், பிரான்சின் வால்டேருக்கு முதல் கடிதம் எழுதுகிறான். வால்டேருக்கு அப்போது 41 வயது. நாடகம், கவிதை, தத்துவம் எல்லாவற்றிலும் கொடி கட்டிப் பறந்தவர். வாயால் கெட்டுச் சிறைக்கும் போய் வந்தவர்.

அங்கே தொடங்கிய கடிதங்கள் வால்டேர் சாகும் 1778 வரை, இடையில் விட்டும் தொட்டும், 42 ஆண்டு ஓடின. இளவரசன் தன் பிரெஞ்சுக் கவிதைகளை அனுப்புவான், இவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். மாக்கியவெல்லி என்ற இத்தாலிய எழுத்தாளர் சொன்ன அரசியல் சூழ்ச்சிகளை மறுத்து இளவரசன் ஒரு புத்தகம் எழுதினான். அரசன் மக்களின் முதல் வேலைக்காரனாக இருக்க வேண்டும் என்கிற மாதிரியான புத்தகம். வால்டேர்தான் அதைச் செப்பனிட்டு 1740-ல் ஹாலந்தில் அச்சேற்றினார்.

அதே 1740 மே கடைசியில் அப்பன் செத்தான், மகன் அரசனானான். முதல் சில வாரங்களில் அவன் செய்ததைப் பார்த்தால் கடிதங்கள் வீண்போகவில்லை என்றே தோன்றும். விசாரணையில் சித்திரவதை செய்வதை, சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, நிறுத்தினான். பஞ்சத்தில் இருந்தவர்களுக்கு அரசுக் களஞ்சியத்தைத் திறந்தான். என் நாட்டில் அவரவர் அவரவர் வழியில் கடைத்தேறிக்கொள்ளலாம் என்று மதத்தைப் பற்றி ஒரு கோப்பின் விளிம்பில் எழுதி வைத்தான். பிற்பாடு 1756-ல் உருளைக்கிழங்கு பயிரிடச் சொல்லி ஆணையும் போட்டான். அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்று ஔவையார் 99-ஆம் பாட்டில் பாடுகிறார் இல்லையா, அதைப் படித்தபோது எனக்கு இந்தக் கிழங்குதான் நினைவுக்கு வந்தது. பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் வண்டிக்காரருக்கு அந்தப் பாட்டு தெரியாது. தெரிந்தால் சந்தோஷப்படுவார்.

சரி, நல்ல அரசன்தானே என்று நாம் கைதட்டப் போகும் நேரத்தில், அதே 1740 டிசம்பரில், மாக்கியவெல்லியை மறுத்துப் புத்தகம் போட்ட அதே கை, படையைத் திரட்டி, ஆஸ்திரியாவின் வசமிருந்த பக்கத்து சைலீஷியாவுக்குள் நுழைந்தது. காரணம், ஆஸ்திரியாவில் புதிதாகப் பட்டத்துக்கு வந்தவள் ஓர் இளம் பெண். பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, பிடித்துக்கொண்டான். பண்ணையடிமை முறையையும் அவன் கடைசிவரை ஒழிக்கவில்லை. சீர்திருத்த அரசன் என்றால் எதுவரை சீர்திருத்தம் என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வால்டேர் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். ஆனாலும் அவருக்கு அரண்மனை ஆசை இருந்தது. "வடக்கின் சாலமோன்" என்று அரசனைப் புகழ்ந்து எழுதியவர் அவர். 1743-ல் பிரெஞ்சு அரசுக்காக வேவு பார்க்கிற மாதிரி ஒரு தூது வேலையை எடுத்துக்கொண்டு பெர்லினுக்குப் போனார். நட்பு பாராட்டிக்கொண்டே கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அரசன் கெட்டிக்காரன், விளிம்பில் கேலிப்பாட்டு எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

நம் ஔவையாரும் தூது போனவர்தான். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலைப் பார்த்துவிட்டு, உன் வேல்கள் மயிற்பீலி சூட்டி நெய் தடவி அழகாக வீட்டுக்குள் இருக்கின்றன, எங்கள் அஞ்சியின் வேல்களோ பகைவரைக் குத்தி முனை உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். இதற்கு மேல் சாதுரியமான தூதுமொழி எனக்குத் தெரிந்து எந்தக் கடிதத்திலும் இல்லை. வால்டேர் இந்த ஒரு பாட்டைப் படித்திருந்தால் தாளும் கேள்வியுமாகப் போயிருக்க மாட்டார்.

1750-ல் வால்டேர் ஒரேயடியாகப் போட்ஸ்டாம் அரண்மனைக்கே குடிபோனார். ஆண்டுக்கு 20,000 லிவர் சம்பளம், அரண்மனை அதிகாரி என்பதற்கு அடையாளமாகச் சாவி, விருதுப் பதக்கம். மேசையில் அரசனுக்குப் பக்கத்தில் இடம். பகலில் அரசனின் கவிதைகளைத் திருத்தும் வேலை. ஒருநாள் ஒரு தளபதி தன் கையெழுத்துப் பிரதியைத் திருத்தச் சொல்லிக் காத்திருந்தபோது, அரசர் தம் அழுக்குத் துணியை வெளுக்க அனுப்பியிருக்கிறார், உங்களுடையது அப்புறம் என்றாராம். அரசன் பக்கத்திலிருந்தும் ஒரு சொல் வந்து சேர்ந்தது: இன்னும் ஒரு வருடம் இவர் தேவைப்படுவார், ஆரஞ்சைப் பிழிந்தபின் தோலை எறிந்துவிடுவதுதானே. கடிதத்தில் 14 ஆண்டு தாங்கிய நட்பு, ஒரே கூரையின்கீழ் மூன்று ஆண்டு தாங்கவில்லை. தபால்காரனாக இதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி உண்டு.

முறிவு வந்தது ஒரு கல்விக்கூடச் சண்டையில். பெர்லின் அறிவியல் கழகத்தின் தலைவர் மோபெர்த்துயி, தம்மை மறுத்த கோனிக் என்ற அறிஞரைப் பொய்யர் என்று தீர்ப்பெழுதி அவமானப்படுத்தினார். அரசன் தலைவர் பக்கம் நின்றான். வால்டேர், தப்பு யார் பக்கம் என்று பார்த்துக் கோனிக்குக்காக எழுதினார். மோபெர்த்துயியோடு சொந்தப் பகையும் உண்டு, மறைப்பானேன். அகாக்கியா என்றொரு வைத்தியரைக் கற்பனையாக உண்டாக்கி, தலைவரைக் கிழிகிழியென்று கிழித்தார். 1752 டிசம்பர் 24 அன்று பெர்லின் நடுத்தெருவில், தூக்குப்போடுகிறவன் கையால், அந்தப் புத்தகத்தை எரிக்க வைத்தான் அரசன். மறுவாரம், புத்தாண்டு நாளில், வால்டேர் சாவியையும் பதக்கத்தையும் கட்டித் திருப்பி அனுப்பினார். அன்போடு பெற்றேன், வேதனையோடு திருப்பித் தருகிறேன் என்று நாலு வரிப் பாட்டும் கூடவே போனது.

யாழைத் தூக்கியாகிவிட்டது, மூட்டையைக் கட்டியாகிவிட்டது என்று ஔவையார் பாடிய "காவினெம் கலனே, சுருக்கினெம் கலப்பை" என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உரை எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் ஔவையார் வாசலில் நின்று மூட்டை கட்டியபோது அஞ்சி ஆள் விட்டுப் பிடிக்கவில்லை. பிரெடெரிக் பிடித்தான். 1753 கோடையில் பிராங்பர்ட் ஊரில் வால்டேரைத் தடுத்து நிறுத்தினார்கள். அது பிரஷ்யாவுக்குச் சொந்தமான ஊர்கூடக் கிடையாது. குற்றம் என்ன? அரசன் எழுதிய கவிதைப் புத்தகம் ஒன்று அவர் பெட்டியில் இருக்கிறது, அது வந்தாக வேண்டும். வெளியே போனால் தன் கேலிப்பாட்டுகள் அம்பலமாகிவிடும் என்று அரசனுக்குப் பயம். பெட்டியோ லைப்சிக்கில் இருக்கிறது. பார்சல் வந்து சேரும்வரை ஆளை விடமாட்டேன் என்றார் அங்கிருந்த அரசனின் பிரதிநிதி. பார்சல் வந்த பிறகும் விடவில்லை. தேடிவந்த சகோதரி மகளையும் சேர்த்துக் காவலில் வைத்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனது வெளியே வர. என் சர்வீஸில் தாமதமான பார்சலுக்காக எத்தனையோ ஏச்சு வாங்கியிருக்கிறேன், பார்சலுக்கு ஈடாக ஆளைப் பிடித்து வைத்த கதை இது ஒன்றுதான்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கதையை உங்களிடம் சொல்லியே இருக்கமாட்டேன். முடியவில்லை. 1757-ல் போரில் தோல்வி மேல் தோல்வி கண்டு பிரெடெரிக் உயிரை விடலாமா என்று யோசிக்கும் நிலைக்குப் போனான். அதை யாருக்கு எழுதினான் என்று நினைக்கிறீர்கள்? தன் காவலில் வதைபட்ட அந்தக் கிழவருக்குத்தான். அவரும் பழையதைக் கிளறாமல், சாகாதீர்கள் என்று பதில் எழுதினார். மூன்று ஆண்டு கழித்துப் பழைய பாக்கியைத் தீர்த்துக்கொண்டார்கள். நீங்கள் எனக்குச் செய்த கெடுதல் போதும் என்று இவர் எழுத, உங்கள் புத்தியின்மேல் காதல் கொண்ட ஒரு பைத்தியக்காரனாக நான் இல்லாமல் போயிருந்தால் உங்கள் பாடு இன்னும் மோசமாகியிருக்கும் என்று அவன் எழுத, அதற்குப் பிறகும் கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. அப்புறம் அவர்கள் நேரில் சந்திக்கவே இல்லை.

1766-ல் பிரான்சின் அப்வில் ஊரில் லா பார் என்ற இளைஞனை, ஊர்வலத்தில் தொப்பியைக் கழற்றவில்லை, சிலுவையை அவமதித்தான் என்று குற்றம் சாட்டித் தலையை வெட்டி எரித்தார்கள். அவனோடு குற்றம் சாட்டப்பட்ட எதாலோந்து என்ற பையன் தப்பி ஓடிவிட்டான். ஊரில் இல்லாமலே அவனுக்கும் தண்டனை எழுதியாகிவிட்டது. வால்டேர் பிரெடெரிக்குக்கு எழுதினார். அந்தப் பையனுக்குப் பிரஷ்யப் படையில் வேலை கிடைத்தது. பின்னாளில் அவனை விடுப்பில் தம் வீட்டுக்கு வரவழைத்து, வழக்கை மறுபடி நடத்தவும் வால்டேர் போராடினார். சண்டை போட்டு, சிறைப்பட்டு, திட்டிக்கொண்ட இரண்டு பேரின் கடிதப் பழக்கத்தில் மூன்றாவது ஆள் ஒருவனுக்கு உயிர் மிஞ்சியது. சம்பளம், சாவி, பதக்கம் எல்லாவற்றையும் விட இதைத்தான் நான் கணக்கில் எடுப்பேன்.

வால்டேர் 1778 மே 30-ல் இறந்தார். போர்முனைப் பாசறையில் இருந்தபடியே பிரெடெரிக் அவருக்கு ஒரு புகழுரை எழுதினான். அந்த நவம்பரில் பெர்லின் கழகத்தில் அது வாசிக்கப்பட்டது. எந்தக் கழகத்தின் தலைவருக்காக அவர் புத்தகத்தை எரித்தானோ, அதே கழகத்தில்.

ரஷ்யாவின் பேரரசி கேத்தரினும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தீதரோவும் இன்னொரு ஜோடி. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மகளுக்குச் சீர் சேர்க்க வழியில்லாமல் தீதரோ தம் நூலகத்தை விற்கப் போனார். 1765-ல் அதை 15,000 லிவருக்கு வாங்கி, சாகும்வரை நீங்களே வைத்திருங்கள், நூலகர் சம்பளமும் தருகிறேன் என்றாள் அரசி. நம் நெல்லிக்கனிக்கு அங்கே ஓர் உறவு இருக்கிறது என்றால் அது இதுதான். நன்றி சொல்ல அவர் 1773-ல் பீட்டர்ஸ்பர்க் வரை போய், நாள்தோறும் அவளோடு வாதாடினார். நீங்கள் எதையும் பொறுத்துக்கொள்ளும் காகிதத்தில் வேலை செய்கிறீர்கள், நான் மனிதத் தோலின்மேல் செய்கிறேன் என்று அவள் சொன்னதாக ஒரு தூதர் எழுதி வைத்திருக்கிறார். அவள் எழுதிய சட்ட நெறியுரைக்குத் தீதரோ குறிப்புகள் எழுதினார். மக்களைத் தவிர உண்மையான அரசர் இல்லை என்பதுதான் அதன் முதல் வரி. ஆனால் அதை அவளிடம் கொடுக்கவில்லை. அவர் செத்த பிறகு நூலகத்தோடு சேர்ந்து போன தாள்களில் அதைப் படித்து அவள் கொதித்தாள். நெல்லிக்கனியை வாங்கிக்கொண்டபின் கதவைத் தட்ட முடியாமல் போனவர் தீதரோ என்று எனக்குத் தோன்றும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

அதியமான் கடிதம் எழுதியதாக எதுவும் இல்லை. ஔவையார் பக்கத்திலிருந்துதான் பாட்டுகள் இருக்கின்றன. அரசன் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வரி கல்லில் கிடைத்திருக்கிறது. திருக்கோவிலூர்ப் பக்கம் ஜம்பை என்ற ஊரில் 1981-ல் கண்டுபிடித்த தமிழ்பிராமிக் கல்வெட்டு. சதியபுத்தோ அதியன் நெடுமான் அஞ்சி ஈத்த பாளி. குகையைத் துறவிகளுக்குக் கொடுத்தான் என்று பொருள். அசோகனின் கல்வெட்டில் சேர சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சத்தியபுத்திரர் யார் என்ற கேள்விக்கு விடை சொன்ன கல் அது. "ஈத்த" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். நெல்லிக்கனிப் பாட்டின் கடைசிச் சொல் "எமக்கு ஈத்தனையே". அவன் செத்தபின் அழுத 235-ஆம் பாட்டின் தொடக்கம் "சிறியகட் பெறினே எமக்கு ஈயும் மன்னே". கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான் என்பது. கள் வருவதால் இந்தப் பாட்டை மேடைக்கு யாரும் கொடுப்பதில்லை. எனக்குக் கேட்டால், கனியைவிட இந்தக் கள்ளில்தான் அவர்கள் இருவரும் சமமாக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதே "ஈத்த" இன்னோரிடத்தில் வேறு மாதிரி வருகிறது. பெருஞ்சித்திரனார் குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வந்தார். பார்க்காமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். வாங்கவில்லை. "காணாது ஈத்த இப்பொருட்கு யான் ஓர் வாணிகப் பரிசிலன் அல்லேன்" என்றார். நான் என்ன வியாபாரியா? என் தரம் அறிந்து தினையளவு கொடுத்தாலும் போதும் என்றார். இது 208. நம் ஊர்ப் பெருமை பேசும் எந்த விழாவிலும் இதைக் கேட்டதில்லை. அதியமானுக்கு இது இழுக்கு என்று நினைக்கிறோம் போலிருக்கிறது. இந்தப் பாட்டைப் பாடிய புலவரின் புத்தகத்தை யாரும் தெருவில் எரிக்கவில்லை, ஆளைப் பிடித்து வைக்கவில்லை என்பதைப் பிரெடெரிக்கின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், இழுக்கா பெருமையா என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று. அந்தக் காலத்துப் புலவர்கள் அரசனை "நீ" என்றுதான் பாடினார்கள். "ஆதல் நின்னகத்து அடக்கி" என்று கனிப்பாட்டிலும் அதேதான். இன்றைக்கும் நாம் எழுதும்போது அதியமான் கொடுத்தான், ஔவையார் பாடினார் என்று எழுதுகிறோம். அரசனுக்கு "ஆன்", புலவருக்கு "ஆர்". இது தப்பிப்போய் வந்த மரியாதை இல்லை. இந்தக் கடிதத்திலேயே பிரெடெரிக்கை "அவன்" என்றும் வால்டேரை "அவர்" என்றும் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன், உங்களில் யாருக்கும் உறுத்தியிருக்காது.

அப்புறம் அந்தக் கதவு திறந்ததா? பிள்ளைகள் கேட்டால் சொல்வதற்கு 101-ஆம் பாட்டு இருக்கிறது. ஒருநாள் போனாலும், இரண்டு நாள் போனாலும், பலநாள் பலரோடு போனாலும் முதல்நாள் மாதிரியே விருப்பம் காட்டுவான் என்கிறார் அதே ஔவையார். பரிசில் தர நாளானாலும் ஆகாவிட்டாலும், யானை தன் கொம்புகளுக்கு நடுவே வைத்த கவளம் மாதிரி அது கைக்கு வந்ததுதான், தப்பாது, நெஞ்சே வருந்தாதே என்று தேற்றிக்கொள்கிறார். ராகிக் கொல்லையில் யானை இறங்கி, கட்டுக்கட்டாகச் சுருட்டுவதைப் பார்த்த தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைக்கு இந்த உவமைக்கு உரையே வேண்டாம். தாமதத்துக்காகக் கத்தியவரும் அவர்தான், தாமதமானாலும் வரும் என்று நம்பியவரும் அவர்தான். 206-ஐயும் 101-ஐயும் சேர்த்துப் படித்த பிறகு 91-இன் நெல்லிக்கனியைப் படியுங்கள். "சாதல் நீங்க" என்ற சொல் அப்போது வேறு மாதிரி கேட்கும். தன்னைத் திட்டக்கூடிய ஒருத்தி நீண்டநாள் உயிரோடு இருக்கட்டும் என்று ஓர் அரசன் நினைத்திருக்கிறான்.

அதனால் உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. கனியை விட்டுவிடச் சொல்லவில்லை. அடுத்த போட்டிக்குத் தலைப்பு வைக்கும்போது "வாயிலோயே" என்று ஒன்று வையுங்கள். ஆறாம் வகுப்புக்குக் கனி, எட்டாம் வகுப்புக்கு வாசல், மேல்வகுப்புக்குப் பெருஞ்சித்திரனார் என்று பிரித்துக்கொண்டாலும் சரி. ஔவையார் அதியமானுக்கு இன்று ஒரு கடிதம் எழுதினால் என்ன எழுதுவார் என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். ஒரு நிபந்தனை: முதல் வரியில் புகழக் கூடாது. எழுதியதைத் தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். முகவரியின் கடைசி வரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள், பிரிக்கிறவர்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஆசிரியர்களையும் இதில் சேர்த்தே சொல்கிறேன். 2004-ல்தான் நிர்வாகத்துக்காகப் பிரித்தார்கள். அதியமான் ஆண்ட தகடூர் இரண்டு பேருக்கும் பொதுச் சொத்து.

தச்சர் மகளுக்கு ஓர் இன்லாண்டு லெட்டர் எழுதிப் போட்டேன், பள்ளி முகவரிக்கு. 8 மதிப்பெண் போட்ட நடுவர்களில் நானும் ஒருவன், பாட்டின் எண் 206, நீ சொன்னது சரி என்று. பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. நோட்டில் கிழித்த தாள், கோடு போட்ட பக்கம். நன்றி என்று ஒரு வரி. அடுத்த வரியில், "ஐயா, அடுத்த வருசமும் நீங்கதான் நடுவரா வருவீங்களா, வேற ஆளா?" என்று கேட்டிருந்தது.

அழைத்தால் வருவேன். மதிப்பெண் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "தலைப்பைத் தழுவிப் பேசுதல்" என்ற கட்டத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் வரைய இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தருமபுரியிலிருந்து ஓய்வுபெற்ற தபால் ஊழியன்